இடப்பக்கத்து லீவர்

பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தது பெட்டி.
கண்டக்டர் அதன்மேல் கால் நீட்டித் தூங்கியிருக்க வேண்டும்,
ஒரு மூலை சப்பளிந்திருந்தது.
உள்ளே
வளைந்த கழுத்தோடு ஒரு லீவர்,
ஒரு தகடு, இரண்டு கம்பி,
ஆறு போல்ட், ஐந்து நட்டு,
யாருடைய மொழியென்று தெரியாத ஒரு தாள்.

பழையதை முறித்தவன் குலசிங்கம்.
மார்கழி வெள்ளம், இறக்கக்கண்டிச் சேறு,
நாலு சில்லும் பிடிக்கவேணும் என்ற அவதியில்
கிளட்ச் மிதிக்க மறந்து இழுத்தான்.
மரவள்ளிக் கிழங்கு மாதிரிக் கையோடு வந்தது.
அன்றிலிருந்து நாங்கள் கதைப்பதில்லை.
படகு இழுக்க வாடகைக்கு ட்ராக்டர் பிடித்தோம்,
அந்தக் காசையும் தனித்தனியாகவே கொடுத்தோம்.
படகில் பாதி அவனுடையது,
அதனால் ஜீப்பில் ஏறுவான்.
கடல் வலப்பக்கம் கிடக்க
இடப்பக்கத்து வேலிகளை எண்ணிக்கொண்டு வருவான்.

உட்துறைமுக வீதிக் கராஜ். ஆனி மாதம்.
கச்சான் காற்றில் ஸ்பானர்கூடச் சுட்டது.
அஸ்மீர் ஜீப்புக்குக் கீழே மல்லாந்து கிடந்தான்.
தகட்டின் ஓட்டை பெட்டியின் ஓட்டையோடு சேரவில்லை,
ஒரு நெல்மணி அகலம்.
கிரைண்டர் பிடித்தான்.
மறுநாள் ஓட்டை பெரிதாகிப் போயிருந்தது.
வொஷர் போட்டான், வொஷருக்கு மேல் வொஷர்.

தாளைப் பார் என்றேன்.
தாளை மான் தின்றுவிட்டது.
இந்த ஊரில் மான் காட்டில் இல்லை,
பஸ் நிலையத்தில் நிற்கும், மட்டைப்பெட்டி மெல்லும்.
போல்ட் படம் போட்டிருந்த பக்கத்தை முதலில் தின்றது,
பிறகு ஹோர்ன் அடித்த ஓட்டோவைப் பொருட்படுத்தாமல்
வீதியைக் கடந்து போனது.

மூன்றாம் நாள் பூட்டியாயிற்று.
ஹை விழுந்தது.
நியூட்ரலில் லீவர் தளர்ந்து தலையாட்டியது.
லோவுக்குத் தள்ளினால்
உள்ளே யாரோ நறநறவென்று பல் கடித்தார்கள்.
கம்பி நீளம் என்றான். அரை இஞ்சி வெட்டினான்.
பிறகு கம்பி கட்டை.
வெட்டிய துண்டை மணலில் தேடி எடுத்துத் திரும்ப ஒட்டினான்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கை நீட்டினேன்.
எட்டவில்லை.
லீவர் எனக்கு முதுகு காட்டி
மற்ற சீட்டைப் பார்த்து வளைந்திருந்தது.
அஸ்மீர் எழும்பி, கிறீஸ் கையால் நெற்றியைத் துடைத்து,
கனநேரம் பார்த்தான். பிறகு சிரித்தான்.
"இது இடப்பக்கம் இருந்து ஓட்டுற நாட்டுச் சாமான், அண்ணன்."

எங்கேயோ ஒருவன்
தன் வலக்கை விழும் இடத்தை அளந்து
இந்த இரும்பை வளைத்திருக்கிறான்.
அளவு சரி.
நாடுதான் பிழை.

"சூடு காட்டி வளைக்கவா? முறிஞ்சால் என்னைக் கேக்கக் கூடாது."
வேண்டாம் என்றேன். கையில் காசும் முடிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை விடியமுன் இறக்கக்கண்டிக் கரை.
ட்ரெயிலரில் படகு.
பின்சில்லு இரண்டும் தமக்குக் குழி வெட்டத் தொடங்கின.
கிளட்ச்சை மிதித்தேன்.
அந்தத் தூரத்தில் இருக்கும் லீவருக்கு
ஒரே ஒரு கைதான் பக்கம்.
ஆறு மாதத்தில் முதல் சொல்:
"லோ."

குலசிங்கம் என்னைப் பார்க்கவில்லை.
கை மட்டும் வந்தது.
குமிழ் அவன் உள்ளங்கையில் போய் உட்கார்ந்தது.
இழுக்கவில்லை இம்முறை,
மெதுவாக, பல்லுக்குப் பல் தடவித் தேடி,
டக்.

நாலு சில்லும் மணலைக் கவ்வின.

ஆனாலும் லோ நிற்பதில்லை.
கைவிட்டால் துள்ளி நியூட்ரலுக்குப் போகிறது.
ஸ்பிரிங் ஒன்று வரவேணும் என்கிறான் அஸ்மீர்,
பஞ்சிகாவத்தையில் இல்லையாம்.
அதனால் படகு தண்ணீரைத் தொடும்வரை
குலசிங்கம் அமத்திப் பிடித்திருப்பான்.
நான் கியர் மாற்றும்போது
முழங்கை முழங்கையில் இடிக்கும்.
லோ. ஹை. விடு.
மூன்று சொல் இருக்கிறது இப்போது எங்களிடம்.
பழைய லீவரின் காசு பற்றி
இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை.